முள் சொன்ன கணக்கு

என் பாட்டியின் முகம் எப்படி இருக்கும் என்பது இருபது வயது வரையில் எனக்குச் சரியாகத் தெரியாது.

அம்மாவைப் பெற்ற பாட்டி அவர். நான் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1998இல் காலமாகிவிட்டார். சிம்பாங் பூலாயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் பாட்டியின் படமும் மாலையோடு தொங்குகிறது. அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறிவிட்டது. எதையோ பார்த்துப் பயந்தவர் போலக் கண்கள் விழித்திருக்கும். “அம்மா இப்படியெல்லாம் இருக்க மாட்டாங்க” என்று ஒவ்வொரு திதியன்றும் அம்மா சொல்வார்.

வேறு படமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஓர் ஆல்பம் நிறைய இருக்கிறது. பெரிய மாமா 1986இல் ஈப்போவில் பழைய கேமரா ஒன்றைத் தவணையில் வாங்கினார். மினோல்டா எஸ்ஆர்-டி 101. தோட்டத்து லயத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேமரா வைத்திருந்தவர் மாமா ஒருவர்தானாம். தம் தாயைத்தான் அதிகம் எடுத்திருக்கிறார். லயத்து வாசலில் பாட்டி, வெள்ளை வெளேர் என்று நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைக்கு முன்னால் பாட்டி, கோயில் திருவிழாவில் பாட்டி. எல்லாப் படங்களிலும் மலை தெளிவாக இருக்கிறது. சேலையின் நிறம் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. பற்கள் தெரிவதால் சிரிக்கிறார் என்று ஊகிக்கலாம்.

“பாட்டி நல்ல கறுப்பு. அதான் படத்துல விழல” என்று பெரியம்மா சொல்வார். “எனக்குத்தான் படம் பிடிக்கத் தெரியல” என்று மாமா சொல்வார். சிறு வயதில் இரண்டையும் நம்பினேன். நானும் பாட்டியின் நிறம்தான். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கும்போதெல்லாம் என் முகம் விழுமோ விழாதோ என்று ஒரு பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மாமா அந்தக் கேமராவை என்னிடம் கொடுத்தார். இப்போது இளையோர் மீண்டும் படச்சுருள் கேமராவைத் தேடி ஓடுகிறார்கள் அல்லவா, அந்த ஆசை எனக்கும் வந்திருந்தது. கடிகாரக் கடையில் அளவு பொருந்தும் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன். உள்ளே முள் துள்ளி எழுந்தது. ஐம்பது வயதான இயந்திரம் உயிர் பெற்றுவிட்டதென்று பூரித்துப் போனேன்.

அந்தக் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் இரண்டு முட்கள் தெரியும். ஒன்று ஒளிமானியின் முள். வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். மற்றொன்றின் நுனியில் சிறு வளையம் இருக்கும். லென்சின் துவாரத்தையோ திரையின் வேகத்தையோ நாம் மாற்றினால் அந்த வளையம் நகரும். வளையத்துக்குள் முள் வந்து உட்கார்ந்துவிட்டால் வெளிச்சம் சரி என்று பொருள். மாமா ஒருநாளும் முள்ளை மீறியதில்லை. நானும் மீறவில்லை. ஒரு சுருள் முழுக்க எடுத்து, கழுவுவதற்குக் கோலாலம்பூருக்கு அனுப்பினேன். ஒரு சுருளுக்கும் அதைக் கழுவுவதற்கும் ஆகும் செலவு விடுதி மாணவிக்கு ஏறக்குறைய ஒரு வாரச் சாப்பாடு.

36 படங்களும் இருட்டு. மூன்று தோழிகளும் நானும் நின்ற படத்தில் எங்கள் நால்வரின் இடத்திலும் பாட்டியின் திட்டே இருந்தது. அந்த நால்வரில் ஒருத்தி சிவந்த நிறம். அவளுக்கும் முகம் விழவில்லை.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இது நிறத்தின் குற்றமாக இருக்க முடியாது.

புல ஆய்வுக்கூடத்தில் மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியை அளந்தேன். 1.5 வோல்ட்டுக்கும் கொஞ்சம் மேலே காட்டியது. புத்தம் புதிய அல்கலைன் பேட்டரி. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தக் கேமரா 1966இல் வெளிவந்தபோது பாதரசப் பேட்டரிக்காகவே செய்யப்பட்டது. அதன் அழுத்தம் 1.35 வோல்ட். பாதரசம் கொடிய நஞ்சு என்பதை ஜப்பானின் மினமாட்டா ஊர் 1956 முதல் உலகுக்குக் காட்டியது. அமெரிக்கா 1996இல் பாதரச ஆக்சைடு பொத்தான் பேட்டரிகளைச் சட்டம் போட்டு நிறுத்தியது. 2013இல் கையெழுத்தான அனைத்துலக ஒப்பந்தம் மினமாட்டாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. நிறுத்தியது நல்லதுதான். ஆனால் அந்தப் பேட்டரியை நம்பிச் செய்த லட்சக்கணக்கான கேமராக்கள் அலமாரிகளில் அப்படியே இருந்தன. கடைக்காரர்கள் அதே அளவிலான அல்கலைன் பேட்டரியை எடுத்துக் கொடுத்தார்கள். குழிக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. முள்ளும் ஆடியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என்ன நடக்கிறது என்பதை எளிமையாகச் சொல்கிறேன். இந்த ஒளிமானியில் காட்மியம் சல்பைடு கொண்ட கண் ஒன்று இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் ஏறும். பேட்டரியின் அழுத்தம் கூடினாலும் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். எதனால் ஏறினோம் என்பது முள்ளுக்குத் தெரியாது. ‘வெளிச்சம் அதிகம், குறைத்துக்கொள்’ என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். நாமும் குறைப்போம். படம் இருளும்.

எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்க்க நினைத்தேன். பழைய படக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. மேகமில்லாத நல்ல வெயிலில் துவாரத்தை எஃப்/16இல் வைத்துவிட்டு, சுருளின் வேக எண் எதுவோ அதையே வினாடியின் கீழெண்ணாக வைக்க வேண்டும். 100 எண் சுருள் என்றால் வினாடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. கேமராவில் இருப்பது 1/125. சூரியனுக்குப் பேட்டரி வேண்டாம். நண்பகலில் விடுதித் திடலின் புல்லைக் குறிபார்த்தேன். 1/125 சொல்ல வேண்டிய முள் 1/250 என்றது. பாதி வெளிச்சம், படக்காரர்களின் பேச்சில் ஒரு படி. மரநிழலில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் ஒரு படியையும் தாண்டியது.

பிறகு காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாகக் காற்றுப் பேட்டரியை மருந்துக்கடையில் வாங்கினேன். முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்ததும் துளைகள் வழியே காற்று புகுந்து வேலை செய்யத் தொடங்கும். வேலையில் இருக்கும்போது அதன் அழுத்தம் பழைய பாதரசப் பேட்டரிக்கு மிக அருகில் நிற்கும். ஓரிரு மாதங்களில் தீர்ந்துவிடும் என்பது குறை. கேமராவின் குழிக்கு அது சிறியதாக இருந்ததால் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றிப் பொருத்தினேன். மீண்டும் அதே புல், அதே வெயில். முள் 1/125இல் வந்து நின்றது.

வெற்றி என்று மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்படின்னா 86ல, 87ல எடுத்ததெல்லாம் ஏன்மா கறுப்பா இருக்கு? அப்ப நான் போட்டது அந்தப் பாதரசப் பேட்டரிதானே?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது மாமாவின் பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கினேன். எல்லா நெகட்டிவ்களையும் அதில்தான் வைத்திருந்தார். சன்னலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் பட்ட இடம் கறுத்திருக்கும், படாத இடம் வெறுமையாக இருக்கும். மலை நன்றாகக் கறுத்திருந்தது. முகம் இருந்த இடம் வெறும் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. படம் அச்சிட்ட கடையின் பிழையன்று. கேமராவுக்குள்ளேயே வெளிச்சம் போதவில்லை. 1996க்குப் பிந்தியவை இன்னும் மோசம். முந்தியவையும் மோசந்தான்.

விடை என் கண் முன்னால், சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

சிம்பாங் பூலாய்க்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குத் திரும்பும் சாலையில், எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புக்கல் மலைகள். குவாரிக்காக வெட்டிய முகப்புகள் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும். லாரி போன சாலையோரத்து இலைகூட வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக்கு முன்னால்தான் மாமா எல்லாரையும் நிறுத்தி எடுத்தார். அழகான இடம் அது ஒன்றுதான்.

ஒளிமானிக்கு முகம் தெரியாது, மலை தெரியாது. கட்டத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும் கலந்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று அது நம்புகிறது. படும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று நூல்களில் சொல்கிறார்கள். வெள்ளை மலை கட்டத்தை நிறைத்தால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். மலை சாம்பலாகும்; அதற்கு முன்னால் நிற்கும் மனிதர் கரியாவார். மாமாவின் கேமராவில் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கண்கள். வானத்தின் வெளிச்சம் கணக்கைக் கெடுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால்தான் அது பலிக்கும். பாட்டியின் முழு உருவமும் விழ வேண்டும் என்பதற்காக மாமா கேமராவை நிமிர்த்திப் பிடித்தார். மேலும் கீழும் இடமும் வலமுமாகிவிட்டன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையால் இரண்டு படி. 1996க்குப் பின் பேட்டரியால் இன்னொரு படி. மூன்று படி என்றால் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். அதில் யாருடைய முகம் விழும்?

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. 1950கள் முதல் வண்ணப்படம் அச்சிடும் நிலையங்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனத்தின் அட்டை ஒன்று பயன்பட்டது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘ஷர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல இனப் பெண்களையும் ஒன்றாகக் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் ஆல்பத்தின் இருட்டுக்கு அந்த அட்டைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் நெகட்டிவே வேறு சாட்சி சொல்கிறது. ஆனாலும் ஒன்று விளங்கியது. எந்த அளவுகோலுக்குள்ளும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்குள் நாம் அடங்காதபோது, குறை நம்மிடம் இருப்பதாகவே நாமும் எண்ணிவிடுகிறோம். கருவியைச் சந்தேகிக்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் பாட்டிக்குத் தோன்றியிருக்கிறது. நான் நெகட்டிவ்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்ன கதை இது.

அப்போது அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பாட்டி கித்தாமரம் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து போய் ஸ்டோரில் நிறுப்பார். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதை மெட்ரோலாக் என்னும் மிதவைக் குழாயை விட்டுப் பார்த்து எழுதுவார்கள். குழாய் பாட்டிக்கு எட்டாத வித்தை. தராசு எட்டும். நிறை குறைகிறது என்று அவருக்கு ஐயம். ஒருநாள் மலையடியிலிருந்து ஒரு வெள்ளைக்கல்லை எடுத்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் ஸ்டோரில் பாலை நிறுப்பதற்கு முன்னால் கல்லை வாளியில் போட்டுத் தராசில் வைக்கச் சொன்னார். அரைக் கிலோ குறைந்தது. எல்லாரும் சண்டைக்குப் போவார் என்று பார்த்தார்களாம். பாட்டி போகவில்லை. தினமும் கல்லை நிறுத்து, குறைவதை அம்மாவின் பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். இரண்டு வாரம் அரைக் கிலோவே குறைந்தது. பிறகு ஒருநாள் கால், ஒருநாள் முக்கால். அன்றைக்குத்தான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சங்கத் தலைவரிடம் போனார்.

“கொறையிறது ஒரே மாதிரி கொறைஞ்சா சேத்து எழுதிக்கலாம். நாளைக்கு ஒரு மாதிரி கொறைஞ்சா என்னாத்த எழுதுறது?” என்று கேட்டாராம். தராசை மாற்றினார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சொன்னதைத்தான் நான் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வாரம் தேடினேன். பாதரசப் பேட்டரியின் சிறப்பே அதுதான். தீரும் வரைக்கும் 1.35இலேயே நிற்கும். அல்கலைன் அப்படி இல்லை. 1.5க்கு மேலே தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இன்று ஒரு படி தப்பு, இரண்டு மாதம் கழித்து அரைப் படி தப்பு. தப்பு நிலையாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். 100 எண் சுருளுக்குக் கேமராவில் 50 என்று வைத்துவிட்டால் ஒரு படித் தப்பு நேராகிவிடும். நகர்ந்துகொண்டே இருக்கும் தப்பை எந்த எண்ணில் வைப்பது?

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்பாவின், தாத்தாவின் கேமரா இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். பேட்டரிக் குழியில் 1.35 என்றோ பிஎக்ஸ் 625 என்றோ எழுதியிருந்தால் நான் சொன்ன கதைதான். லென்சைச் சுற்றித் தேன்கூடு போன்ற கண்ணாடி இருந்தால் அது செலினியம். பேட்டரி வேண்டாம், ஆனால் வயதாக ஆகச் சோர்ந்துபோயிருக்கும். அது வெளிச்சத்தைக் குறைத்துச் சொல்லும், படம் வெளுக்கும். எதுவானாலும் நல்ல வெயிலில் புல்லைப் பார்த்து 16 கணக்கோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு தப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கேமராப் பைக்குள் வையுங்கள். வெள்ளைச் சுவரோ வானமோ பின்னால் இருந்தால் உங்கள் உள்ளங்கையை லென்சுக்கு முன்னால், முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்து முள்ளைப் பாருங்கள். மனிதர் எந்த நிறமானாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். சாம்பலைவிட அது வெளிர். ஆகவே முள் சொல்வதற்கு மேல் ஒரு படி திறக்க வேண்டும். படப்பிடிப்பில் வெள்ளைக் குமிழ் வைத்த மானியை நடிகரின் கன்னத்தருகே பிடிப்பதும் இதற்காகத்தான். முகம் திருப்பி அனுப்பும் ஒளியை விட்டுவிட்டு, முகத்தில் விழும் ஒளியை அது அளக்கிறது.

இனி டின்னுக்கு வருகிறேன். அடியில் ஒரு சுருள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வெறுமை இல்லை, எல்லா இடமும் நிறைவாக இருந்தது. மாமாவிடம் காட்டினேன். உறையில் ‘94 பொங்கல்’ என்று இருந்தது.

“இதுவா? அன்னைக்கு பேட்டரி செத்துப் போச்சு கண்ணு. கடையெல்லாம் அடைப்பு. பிலிம் பெட்டிக்குள்ள சூரியன், மேகம்னு படம் போட்டிருப்பான் பாரு, அதைப் பார்த்து வெச்சேன்.”

“அப்போ இந்தப் படமெல்லாம் எங்க மாமா?”

“நல்லா இருந்துச்சுன்னு சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

நல்லவை ஊரெல்லாம் போக, நல்லதல்லாதவை ஆல்பத்தில் தங்கியிருக்கின்றன.

அந்தச் சுருளில் பன்னிரண்டாவது படம். லயத்து வாசல் நிழலில் பொங்கல் பானைக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். நெகட்டிவைக் கைப்பேசியில் எடுத்து நிறத்தைத் திருப்பினேன். முதலில் பச்சைச் சேலை வந்தது. பிறகு முகம். புகைக்காக ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மாமாவைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறார். நல்ல கறுப்பு. கன்ன எலும்பில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. மேலுதட்டுக்கு மேலே ஒரு மரு. எனக்கும் அதே இடத்தில் ஒன்று இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அம்மா கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

மாமா மட்டும், “பேட்டரி இல்லாதப்பதான் ஒழுங்கா எடுத்திருக்கேன்” என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எனக்கு எடுக்கத் தெரியும்தானே?” என்று என்னிடம் கேட்டார். முப்பது ஆண்டுகளாக அந்த மனிதர் சுமந்த குற்றவுணர்வு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை மாமாவை அதே மலைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். லயம் இல்லை, அங்கே தாமான் வந்துவிட்டது. மலையிலும் ஒரு பக்கத்தைக் காணோம். மிச்சம் இருப்பது அன்று போலவே வெள்ளையாக நின்றது. மாமா சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். அவர் முகத்தருகே என் உள்ளங்கையை நீட்டி முள்ளைப் பார்த்தேன். அது தன் கணக்கைச் சொன்னது. நான் ஒரு படி கூட்டித் திறந்தேன்.

கூடத்தில் இப்போது தாத்தாவுக்குப் பக்கத்தில் பொங்கல் பானைப் பாட்டி இருக்கிறார், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.